கொழுந்துக் கூடையும் வரவுசெலவுத் திட்டமும்

வரவுசெலவுத் திட்டம் பாராளுமன்றத்திற்கு வரும் காலம் நெருங்குந்தோறும் நம்மவரிடையே ஒரு பேச்சு எழுவது வழக்கம்: நாடு முதலிற் செல்வம் தேடட்டும், தேடியபின் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தாராளமாகக் கொடுக்கலாம், அதுவரை கையிருப்பைப் பார்த்துச் செலவிடுவதே விவேகம் என்று, பொருளாதாரம் கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே தலையசைக்கும் பேச்சு அது. கணக்கேடுகளும் இக்கருத்துக்கே துணைபோகின்றன. ஆஸ்பத்திரிக்குப் புதிய கட்டடம் எழுப்பினால் அது மூலதனச் செலவு என்னும் கௌரவமான தலைப்பிற் சேரும். அக்கட்டடத்தினுள் இராப்பகலாய் நின்று உயிர்காக்கும் தாதியின் சம்பளமோ, மீண்டெழும் செலவினம் என்ற வரிசையில், எரிபொருளோடும் காகிதாதிகளோடும் சேர்த்து எழுதப்படும். சிக்கனம் வேண்டுமென்று எவரேனும் வற்புறுத்தினால் முதலிற் கத்தரி விழுவதும் அவ்வரிசையிலேதான். இந்த ஒழுங்கு தலைகீழானது என்பதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை.

1979-ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் பெண்களிற் சிலருக்கு இரும்புச்சத்து மாத்திரையும் வேறு சிலருக்குச் சத்தேதுமற்ற வெறும் மாத்திரையும் கொடுத்து, இரு சாராரும் பறித்த கொழுந்தின் நிறையை ஆய்வாளர் ஒப்பிட்டார்கள். இரும்புச்சத்து உண்டவர்களின் கூடை கனத்தது; இரத்தசோகை கடுமையாக இருந்தவர்களிடத்தில் அவ்வேறுபாடு மேலும் துலக்கமாகத் தெரிந்தது. தோட்டத்து நடைமுறை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். விடியலிற் பெரட்டுக்குப் (ஆட்கணக்கெடுப்புக்குப்) போய், மலையேறி, நாள் முழுதும் நின்று பறித்தும் குறித்த நிறை சேராதவளுக்கு அன்றைய சம்பளம் அரைப்பேராகி, பாதியாய்க் குறைந்துவிடும். சோம்பேறி என்ற கங்காணியின் வசவு அதற்கு மேல். அவளிடத்திற் குறைந்திருந்தது ஊக்கமன்று, இரத்தம். அக்குறையைத் தீர்க்கும் மாத்திரைக்கு ஆகும் செலவையும், அது தீராமையாற் செடியிலேயே நின்றுபோன கொழுந்தின் பெறுமதியையும் ஒரே ஏட்டில் அருகருகே எழுதிப் பார்க்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை.

தனிமனிதரின் உழைப்பை மட்டுமன்றி நிலத்தையே நோய் பூட்டி வைக்கும் என்பதை மலேரியா காட்டியது. 1934-இல் மழை பொய்த்து, வற்றாது ஓடும் ஆறுகளும் குட்டை குட்டையாய்த் தேங்க, அக்குட்டைகளிற் பெருகிய நுளம்புகள், அந்நோயை அதிகம் அறியாதிருந்தமையால் அதை எதிர்க்கும் வலுவையும் உடம்பிற் பெற்றிராத கேகாலை, குருநாகல் முதலிய பகுதி மக்களைத் தாக்கின. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. உலர் வலயமோ நூற்றாண்டுகளாகவே காய்ச்சலின் ஆட்சியிற் கிடந்தது. பண்டை மன்னர் கட்டிய குளங்களிற் பல காடுமூடிக் கிடந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். 1946-இல் வீடுதோறும் டீ.டீ.ரீ. என்னும் பூச்சிமருந்து தெளிக்கத் தொடங்கினார்கள், அவ்வாண்டில் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டிலே 14 அளவுக்கு இறங்கிற்று. இப்பெருமை முழுதும் மருந்துக்கே உரியதா, நாடெங்கும் பரவியிருந்த ஆஸ்பத்திரிகளுக்கும் போருக்குப்பின் சீரடைந்த உணவு நிலைக்கும் பங்கில்லையா என்று குடித்தொகை அறிஞர் நெடுங்காலம் வாதிட்டார்கள். வாதம் எவ்வாறு முடியினும், கல்லோயா முதலிய நீர்ப்பாசனத் திட்டங்களிற் பெருவாரியான குடும்பங்கள் சென்று நெல் விளைவித்தது அந்தப் பயம் தணிந்த பின்னரே. (அக்குடியேற்றங்கள் விளைத்த அரசியற் பிணக்கு வேறொரு கதை, அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

இவற்றினும் நுட்பமான தொடர்பொன்றை மருத்துவ மாதரின் வரலாற்றிலே காண்கிறோம். 1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்ட காலந்தொட்டு, படலையைத் திறந்துகொண்டு கர்ப்பிணியின் வீட்டுக்கே வந்து, காலில் வீக்கமுண்டா என்று தொட்டுப் பார்த்து, கிளினிக் நாளைத் தவறவிடாதே என்று உரிமையோடு கண்டித்துப் போகும் அந்த உத்தியோகத்தர் நம் கிராமங்களில் வேரூன்றினார்கள். 1946-க்கும் 1953-க்கும் இடையே நம் நாட்டிற் பிரசவத்தால் நேரும் மரணம் மூன்றில் இரண்டு பங்குக்குமேற் குறைந்தது. இதனை ஆராய்ந்த சீமா ஜயச்சந்திரனும் அட்ரியானா யேரஸ்-மியூனியும் 2009-இல் வெளியிட்ட முடிபு யாதெனில், தாய்மரணம் எங்கெங்கே மிகுதியாகக் குறைந்ததோ அங்கங்கே பெண்பிள்ளைகளின் எழுத்தறிவும் பள்ளிக்காலமும் ஆண்பிள்ளைகளின் நிலையை நோக்க உயர்ந்தன என்பதே. மகள் பிள்ளைப்பேற்றில் மாண்டுபோகக் கூடும் என்று உள்ளூர அஞ்சும் தகப்பன் அவள் படிப்பிற்கென்று பணம் செலவிடத் தயங்குவான். அவள் நீடூழி வாழ்வாள் என்ற நம்பிக்கை பிறந்தபோது கொப்பி வாங்கிக் கொடுத்தான். அத்தகப்பன் எந்தப் பொருளாதார நூலையும் படித்தவனல்லன்.

அக்காலத்திலேதான், 1945-இல், கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்களின் விடாமுயற்சியால், பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் ஈறாக இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. செல்வர் பலரும் பத்திரிகைகள் சிலவும் எதிர்த்த காரியம் அது. இரண்டே ஆண்டுகளில் நடந்த பொதுத் தேர்தலில் மத்துகமத் தொகுதி வாக்காளர் அவரைத் தோற்கடித்தார்கள் என்பது ஜனநாயகத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

இனி, நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இத்தனை சீக்கிரத்தில் எழுத்தறிவும் ஆயுளும் பெற்ற நாடு ஏன் செல்வ நாடாகவில்லை? 1950-களில் நம்மிலும் வறியதாகவே எண்ணப்பட்ட தென்கொரியா, காணியைப் பகிர்ந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அவர்கள் வளர்ந்து வந்த வேளையில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. நாமோ பிள்ளைகளைப் படிப்பித்துவிட்டு, அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னோம். 1971 ஏப்ரலில் அரசாங்கத்துக்கு எதிராக ஆயுதம் ஏந்திய இளைஞருட் பலர் படித்துவிட்டு வேலையின்றித் திரிந்தவர்கள். அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையிற் சர்வதேசத் தொழில் தாபனம் அனுப்பிய குழு, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் நாட்டில் இருந்த வேலைக்கும் உள்ள இடைவெளியையே தன் அறிக்கையின் பொருளாகக் கொண்டது. அதன்மேல், மொழிவாரித் தரப்படுத்தல் என்ற ஏற்பாட்டினாற் பல்கலைக்கழக வாயிலில் நின்ற தமிழ் மாணவர் பலரைத் திருப்பியனுப்பி, பின்னர் நேர்ந்த பேரழிவுக்கும் வித்திட்டோம். விளைந்ததை அறுக்க ஆளனுப்பாதவன் விதைநெல்லுக்குக் கொடுத்த பணம் வீண் என்று புலம்புவதை ஒத்தது, கல்விச் செலவை இதன்பொருட்டுக் குறை கூறுவது. வறிய நாட்டுக்கு இச்செலவு கட்டாது என்ற வாதத்துக்கும் அமர்த்தியா சென் நெடுநாள் முன்னரே விடை சொல்லியிருக்கிறார்: போதிப்பதும் நோயாளரைப் பேணுவதும் மனித உழைப்பை நம்பிய தொழில்கள், கூலி குறைந்த வறிய நாட்டில் அவற்றின் செலவும் குறைவே.

ஆயினும் இலங்கையின் கணக்கிலே பெரும்பிழை ஒன்று உண்டென்பதை நானும் மறுக்கவில்லை. அது செலவிட்ட பிழையன்று, விலக்கி வைத்த பிழை. சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பங்கைத் தேடித்தந்தது தேயிலை. அதன்மேல் விதித்த தீர்வையே ஊரெங்கும் பாடசாலையும் வைத்தியசாலையும் நடத்திய பணத்திற் கணிசமான பகுதி. அந்தக் கொழுந்தைப் பறித்தவளின் பிள்ளைக்கோ, கன்னங்கராவின் இலவசக் கல்வி எட்டவில்லை. லயத்தின் ஒருபுறத்தில், ஓர் ஆசிரியர் ஐந்து வகுப்பையும் ஒரே கூரையின்கீழ் மேய்க்கும் தோட்டப் பள்ளிக்கூடமே அதற்கு வாய்த்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதும் கூடை காத்திருந்தது. 1948-இல் தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமையும் பறிக்கப்பட்டபின் அவர்களுக்காகப் பாராளுமன்றத்திற் பேசுவோரும் அருகினர். தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட 1970-களிலேதான் அப்பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட இத்தாமதத்தின் பலனை, மலையகத்தின் போசாக்கு நிலையிலும் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளின் அருமையிலும் இன்றும் காணலாம்.

2022-இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று நாடு அறிவித்தபோது ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டது. பொதுப்பணத்திற் கற்ற வைத்தியர் பலர் விமானமேறினர். அவர்களோடு புறப்பட்டுப் போன மூலதனம் எந்தத் தலைப்பிலும் பதியப்படவில்லை. கடன் கொடுத்தோர் சிக்கனம் கேட்கும் இவ்வேளையில், திறைசேரி அதிகாரிகள் மீண்டெழும் செலவினத்தில் எந்த வரியை வெட்டலாம் என்று தேடுமுன், மலையகக் கிளினிக்குகளில் தமிழ் பேசும் மருத்துவ மாதருக்கும், அங்குள்ள பாடசாலைகளிற் கணித, விஞ்ஞான ஆசிரியருக்கும் எத்தனை இடங்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன என்ற பட்டியலை வரவழைத்து, அவற்றை நிரப்பும் சம்பளத்தை இவ்வாண்டுத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.