இரண்டு இயர்போன்களில் எது நல்லது? தீர்ப்பு சொல்லும் முன் வால்யூமைப் பாருங்கள்

அக்கா மகன் போன மாதம் புதிதாக வயர்லெஸ் இயர்பட்ஸ் வாங்கினான். விலை 3,000 ரூபாயை ஒட்டி. என்னிடம் இருப்பது நான்கு வருடத்துக்கு முன் 700 ரூபாய்க்கு வாங்கிய வயர் இயர்போன். இரண்டுமே ரப்பர் முனையைக் காதுத் துவாரத்துக்குள் செருகிக்கொள்ளும் 'இன்-இயர்' வகை. ஒரே பாட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டோம். அரை நிமிடத்தில் அவன் தீர்ப்பு சொல்லிவிட்டான். "மாமா, உங்களுதுல பாஸே இல்ல. தூக்கிப் போடுங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால், அந்த அரை நிமிடத்தில் நாங்கள் இரண்டு தப்பு செய்திருந்தோம். இயர்போன் வாங்கும்போது நம்மில் பலரும் செய்கிற தப்புகள்தான் அவை.

சத்தம் கூடினால் தரம் கூடியது போல இருக்கும்

போனில் வால்யூம் கோடு ஒரே இடத்தில் இருந்தால் இரண்டு இயர்போனும் ஒரே அளவு சத்தம் தரும் என்று நினைக்கிறோம். தராது. வயர்லெஸ் இயர்பட்ஸுக்குள் தனி ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. வயர் இயர்போன், போன் தருகிற மின்சாரத்தை வைத்தே ஓட வேண்டும். ஒன்று எப்போதும் கொஞ்சம் உரக்கப் பேசும்.

அதனால் என்ன என்கிறீர்களா? நம் காது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. சத்தம் குறைவாக இருக்கும்போது அடித்தொனி, அதாவது பாஸ், நமக்கு மிகவும் மங்கலாகக் கேட்கும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட பாஸ் வேகமாக எழுந்து வரும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே, கொஞ்சம் உரக்க ஒலிக்கும் இயர்போன், நிறைவாக ஒலிப்பது போலவே தோன்றும். "சத்தம் ஜாஸ்தி" என்று மனசு சொல்லாது. "குவாலிட்டி சூப்பர்" என்றுதான் சொல்லும்.

இதற்கு வழி எளிது. இசைக்கருவி இல்லாமல் குரல் மட்டும் வரும் பகுதியைப் போட்டு, இரண்டிலும் குரல் ஒரே அளவு கேட்கும்வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள். அவனுடையதை மூன்று படி இறக்க வேண்டியிருந்தது.

பாஸ் எங்கே போச்சு?

இரண்டாவது தப்பு ரப்பர் முனை. இன்-இயர் இயர்போனில் பாஸ் கேட்க வேண்டுமானால் காதுத் துவாரம் சரியாக அடைபட்டிருக்க வேண்டும். சின்ன இடைவெளி இருந்தாலும் முதலில் வெளியே ஓடுவது பாஸ்தான். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு கொடுப்பது இதற்காகத்தான். நான் நான்கு வருடமாக, மாட்டி வந்த நடுத்தர முனையையே போட்டிருந்தேன். பெரியதை மாற்றியதும், இல்லாத பாஸ் வந்து உட்கார்ந்தது! இயர்போனை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பாஸ் கூடினால் உங்களுடைய அளவு சரியில்லை என்று அர்த்தம்.

மிருதங்கம் வைத்த பரீட்சை

இப்போது ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டோம். மிருதங்கம் இதற்கு நல்ல அளவுகோல். இடப்பக்கத் தொப்பி அடித்தொனி, வலப்பக்க வலந்தலை கணீரென்ற ஒலி. ஒரே வாத்தியத்தில் இரண்டும் கிடைத்துவிடும்.

வயர்லெஸ்ஸில் தொப்பியின் 'கும்' பெரிதாக வந்து பாடகரின் கீழ் ஸ்வரங்களையும் மூடியது. வயரில் தொப்பி அளவாக நின்றது, குரல் தெளிவாக முன்னே இருந்தது. ஆனால், வயலின் மேலே போகும்போது என்னுடையதில் கொஞ்சம் காது கூசியது. அவனே ஒப்புக்கொண்டான்: "பாட்டுக்கு உங்களுது, குத்துக்கு என்னுது."

ஆக, நான்கு மடங்கு விலை நான்கு மடங்கு ஒலியாக மாறவில்லை. இதில் ஆச்சரியம் இல்லை. 2017-ல் ஜெரோன் பிரீபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களை அளந்து வெளியிட்ட ஆய்வில், ஒலி அலைவரிசைகளை அவை கையாளும் விதத்துக்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் '10 மி.மீ. டிரைவர்', '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' எல்லாமும் அப்படித்தான். எந்த ஒலியை எவ்வளவு தூக்கி, எவ்வளவு அமுக்கித் தருகிறது என்பதை அந்த எண்கள் சொல்வதில்லை.

பஸ்ஸில் கதை மாறியது

அப்படியானால் என்னுடையதுதான் ஜெயித்ததா? அடுத்த நாள் இரண்டையும் பஸ்ஸில் போட்டுப் பார்த்தேன். வயரில் இன்ஜின் இரைச்சலைத் தாண்டிக் குரல் கேட்க, வால்யூமைக் கிட்டத்தட்ட முழுசாக ஏற்ற வேண்டியிருந்தது. அவனுடையதில் வெளி இரைச்சலை எதிர் ஒலியால் அடக்கும் வசதி இருக்கிறது. இன்ஜின் போல ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலை அது நன்றாகவே அடக்கும். ஹாரனையும் பேச்சையும் அவ்வளவாக அடக்காது. பாதி வால்யூமே போதுமானதாக இருந்தது.

என் பார்வையில் ஒலித் தரத்தைவிட முக்கியமான கேள்வி இதுதான். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போகிறவருக்கு அது வியாழக்கிழமையே தீர்ந்துவிடும். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி வளர்வதில்லை.

அதனால் "எது நல்ல இயர்போன்?" என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. எங்கே கேட்கப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்பவருக்கு, சரியான முனை போட்ட நல்ல வயர் இயர்போன் போதும். காசை மிச்சம் பிடிக்கலாம். தினமும் பஸ், ரயில் என்று போகிறவர் இரைச்சலை அடக்கும் இயர்பட்ஸுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. பாஸுக்காக அல்ல, வால்யூமைக் குறைக்க முடிகிறது என்பதற்காக. ஆனால், அதை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்காதீர்கள்.

அக்கா மகனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இறக்கின மூணு படியை மறுபடி ஏத்தாதடா."