விழுந்த பின் ஐந்து லட்சம், விழாமல் காக்க?

2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தை ஒன்றிய அரசு 70 வயது நிறைந்த அனைவருக்கும் விரிவுபடுத்தியது. வருமான வரம்பு இல்லை. குடும்பத்திலுள்ள முதியோருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி ஒருவர் திட்டத்தில் இணைந்துள்ள மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அறுவைச் சிகிச்சைக்கான தொகை கிடைக்கும். வீடு திரும்பிய பின் 15 நாட்களுக்கான மருத்துவச் செலவும் அதில் அடங்கும். 16ஆம் நாள் முதல் அவரைக் கைப்பிடித்து எழுப்பி, நிற்கவும் நடக்கவும் மீண்டும் பழக்கப்போவது யார் என்பதற்குத் திட்டத்தில் விடை இல்லை. அவர் விழாமலேயே இருந்திருக்க அவருடைய கால்களைப் பயிற்றுவித்திருக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியோ எழவே இல்லை. வெளிநோயாளிச் சிகிச்சை இத்திட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எலும்பு முறிந்தால்தான் கருவூலம் திறக்கும்.

முதியோர் கீழே விழுவது சிறு விபத்தன்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகெங்கும் ஆண்டுதோறும் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்ததன் காரணமாக உயிரிழக்கின்றனர். தற்செயல் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்கே. அவ்வாறு இறப்போரில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குறைந்த வருமான, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள். இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தோர் 10.38 கோடி. ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2023இல் வெளியிட்ட அறிக்கையோ 2022இல் அவர்கள் 14.9 கோடி என்றும், 2050இல் 34.7 கோடியாக, அதாவது ஐவரில் ஒருவராக இருப்பர் என்றும் கணிக்கிறது.

முதுமையின் தளர்ச்சிக்குத் தமிழில் ‘தள்ளாமை’ என்று பெயர். ‘தள்ளாத வயது’ என்று சொல்லிவிட்டால் அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. ‘விழுந்தார், படுத்தார், போய்ச் சேர்ந்தார்’ என்று மூன்றே வினைச்சொற்களில் ஒரு மனிதரின் கடைசி ஆண்டைச் சொல்லி முடிக்கும் பழக்கம் ஊர்தோறும் உண்டு. அந்த மூன்று சொற்களுக்கும் இடையே மருத்துவமும் அரசும் அக்கம்பக்கத்தாரும் நுழைந்திருக்கக்கூடிய இடைவெளிகள் இருந்தன என்பதை அந்த வாக்கியம் மறைத்துவிடுகிறது. விழுந்தவரின் கவனக்குறைவு என்றோ, விதி என்றோ கணக்குத் தீர்க்கப்படுகிறது.

உண்மையில், நிற்பது என்பதே உடலுக்கு ஓயாத வேலை. கண்கள் சுற்றுப்புறத்தைக் காட்டுகின்றன. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு தலையின் அசைவை உணர்கிறது. பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள நரம்புகள் தரையின் மேடுபள்ளத்தை மூளைக்குச் சொல்கின்றன. இம்மூன்று செய்திகளையும் ஒப்பிட்டு மூளை கணுக்காலுக்கும் தொடைக்கும் இடுப்புக்கும் கணந்தோறும் ஆணையிடுகிறது. கண்புரை பார்வையைக் கெடுக்கும். நெடுநாள் நீரிழிவு பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கும். தூக்க மாத்திரை மூளையை மந்தமாக்கும். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் எழுந்து நின்றவுடன் தலைசுற்றலைத் தரும். பயன்படுத்தாத தசை தானே மெலியும். ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் வயதோடு சேர்ந்து அழிந்தே தீரும் என்பதில்லை. பழக்கத்தால் அது சீர்படும். 80 வயதிலும் சீர்படும்.

இதற்கான சான்று வலுவானது. 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 25 நாடுகளில் 23,407 முதியோரை உள்ளடக்கிய 108 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தது. அவர்களுடைய சராசரி வயது 76. உடற்பயிற்சி செய்தோரிடையே விழும் நிகழ்வுகள் 23 சதவீதம் குறைந்தன. சமநிலைப் பயிற்சியோடு தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் சேர்ந்தபோது 34 சதவீதம் குறைந்தன. அதற்கும் முன்பே, 1990களில், நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்தனர். வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம், அதனுடன் சிறிது நடை. 65 முதல் 97 வயது வரையிலான 1,016 பேரிடம் நடந்த நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது விழுதல்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன. இதில் இந்தியாவுக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஓர் ஆய்வில் பயிற்சியைக் கற்பித்தவர் இயன்முறை மருத்துவர் அல்லர். அவரிடம் பயிற்சி பெற்ற சமுதாயச் செவிலியர். அங்கும் பலன் கிடைத்தது.

பயிற்சி என்றவுடன் பளபளக்கும் உடற்பயிற்சிக் கூடத்தை எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. உறுதியான நாற்காலி ஒன்றும், கைக்கெட்டும் சுவர் ஒன்றும் போதும். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நிற்றல், ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்நுனியோடு சேர்த்து வைத்து நிற்றல், பின் அவ்வாறே நேர்கோட்டில் நடத்தல், பக்கவாட்டில் நடத்தல், ஒற்றைக்காலில் சில நொடிகள் நிற்றல். தரையில் அமர்ந்து உண்ணும் வழக்கமுள்ள நாட்டில், தரையிலிருந்து தானே எழும் பயிற்சியும் இதில் சேர வேண்டும். பலர் காயத்தைவிட, விழுந்த இடத்திலிருந்து எழ இயலாமல் மணிக்கணக்கில் கிடப்பதாலேயே நலிகின்றனர். முன்பே விழுந்தவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் மருத்துவரைக் கண்ட பின், ஒருவர் அருகிலிருக்கத் தொடங்க வேண்டும் என்பது இன்றியமையாதது.

எளிமையான இந்தப் பட்டியலில் எளிதல்லாத இரண்டு நிபந்தனைகள் உள்ளன. முதலாவது, பயிற்சி சற்றுக் கடினமாக இருக்க வேண்டும். இரு கையாலும் சுவரைப் பிடித்தவர் நாளடைவில் ஒரு கையாலும், பின் ஒரு விரலாலும் பிடிக்கும் அளவுக்கு முன்னேற வேண்டும். தடுமாற்றத்தின் விளிம்புவரை சென்று திரும்பும் உடல்தான் கற்றுக்கொள்கிறது. நடை மட்டுமே போதும் என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆய்வுகளில் உறுதியான ஆதரவு இல்லை. இரண்டாவது, பயிற்சி நிற்கக்கூடாது. நிறுத்திய சில மாதங்களில் ஈட்டிய பலன் கரைந்துவிடும். இந்த இரண்டாம் நிபந்தனைதான் இதைத் தனிமனித ஒழுக்கத்தின் எல்லையிலிருந்து பொதுச் சேவையின் எல்லைக்குக் கொண்டுவருகிறது. துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் தனியாக ஒற்றைக்காலில் நிற்பவர் அரிது. வாரந்தோறும் வருபவர் ஒருவர், கூடச் செய்பவர் நால்வர், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பவர் ஒருவர் இருக்க வேண்டும்.

குடும்பங்கள் இதற்கு நேர்மாறானதைச் செய்கின்றன. அதுவும் அன்பினால் செய்கின்றன. ஒரு முறை விழுந்த தாயிடம் ‘எழுந்திருக்காதே அம்மா, எல்லாம் கொண்டுவந்து தருகிறோம்’ என்கிறார் மகள். ‘சும்மா உட்காருங்கள் அப்பா’ என்கிறார் மகன். உட்கார்ந்தால் தொடைத் தசை மெலிகிறது. மெலிந்த காலோடு இரவில் கழிப்பறைக்கு எழும்போது அடுத்த விழுதல் நேர்கிறது. வீட்டாருக்குச் சுமையாகிவிடுவோமோ என்று அஞ்சி, விழுந்ததையே மறைக்கும் பெண்கள், குறிப்பாகக் கணவரை இழந்து பிள்ளைகளை அண்டி வாழ்பவர்கள், எண்ணற்றோர். மாதவிடாய் நின்ற பின் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைவதால், எலும்பு முறியும் வாய்ப்பும் அவர்களுக்கே மிகுதி.

‘வாழ்நாளெல்லாம் உழைத்த உடலுக்குப் பயிற்சி எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. நாற்று நட்ட முதுகும், செங்கல் சுமந்த முழங்காலும் உழைப்பால் வலுப்பெற்றவை மட்டுமல்ல, உழைப்பால் தேய்ந்தவையும்கூட. நாள் முழுவதும் கால் மடக்கி அமர்ந்து பீடி சுற்றியவரின் கால்களுக்கு அந்த வலுவும் கிட்டவில்லை. இவர்களுக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 முதல் 79 வயதினருக்கு ஒன்றிய அரசு தரும் முதியோர் ஓய்வூதியப் பங்கு மாதம் 200 ரூபாய். இத்தொகையைப் பெறும் 71 வயது மூதாட்டி தலையில் புல்லுக்கட்டோடு வரப்பில் நடப்பது உடல்நலத்துக்காக அன்று. அவருடைய வீட்டில் கைப்பிடியில்லாத கழிப்பறை, வெளிச்சமில்லாத வாசல். அவர் ஏறும் பேருந்தின் முதற்படியோ முழங்கால் உயரம். பயிற்சி இவற்றுக்கு மாற்றாகாது. கைப்பிடி, விளக்கு, கண்புரைச் சிகிச்சை, மாத்திரைகளை மறுபரிசீலனை செய்யும் மருத்துவர் ஆகியவற்றோடு சேர்த்தே அது கோரப்பட வேண்டும்.

ஏட்டளவில் அரசிடம் எல்லாம் இருக்கிறது. முதியோர் நலனுக்கான தேசியத் திட்டம் 2010-11இல் தொடங்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருமுறை முதியோர் மருத்துவ முகாம், சமுதாய சுகாதார நிலையத்தில் இயன்முறைப் பயிற்சி தர மறுவாழ்வுப் பணியாளர் என்று அதன் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஆஷா பணியாளர் வீடு வீடாகச் சென்று நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில், 60 வயதைக் கடந்தோருக்கென்று தனிக் கேள்விகள் உள்ளன. நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாற்றம் உண்டா என்பது அவற்றுள் ஒன்று. சரியான கேள்வி. ‘ஆம்’ என்று குறித்த பிறகு அந்த முதியவருக்குக் கிடைப்பது என்ன? துணை சுகாதார நிலையத்தில் சமநிலைப் பயிற்சி வகுப்பு என்று ஒன்று நடந்தால்தானே அவரை அங்கே அனுப்ப முடியும்! அந்நிலையங்களுக்கு 2023இல் ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என்று பெயர் சூட்டியதில் காட்டிய வேகம் இதில் காட்டப்படவில்லை. 2015 முதல் ஒவ்வொரு ஜூன் 21 அன்றும் யோகா தினம் பெருஞ்செலவில் கொண்டாடப்படுகிறது. யோகாசனங்களில் சமநிலையை வளர்ப்பவை உண்டு. அவற்றின்மேல் யாருக்கும் பகையில்லை. ஆண்டில் ஒரு நாள் மைதானத்தில் விரிக்கப்படும் பாய்தான் பயனற்றது.

ஆஷா பணியாளர்களையே பயிற்சியாளர்களாக்கிவிடலாமே என்பது அதிகாரிகளுக்கு உடனே தோன்றும் யோசனை. நியூசிலாந்தின் செவிலியரைச் சான்றாகக் காட்டவும் அவர்கள் தயங்க மாட்டார்கள். அந்தச் செவிலியர் ஊதியம் பெறும் ஊழியர். இங்கோ ஏறத்தாழ பத்து லட்சம் ஆஷாக்கள் ‘தன்னார்வலர்’ என்றே அழைக்கப்பட்டு, ஊக்கத்தொகையில் காலந்தள்ளுகின்றனர். ஒவ்வொரு புதிய திட்டமும் அவர்கள் தோளிலேயே ஏற்றப்படுகிறது. முதியோரின் கால்களுக்கு வலுவூட்ட, மற்றொரு பெண்ணின் முதுகை ஒடிக்கும் ஏற்பாட்டை இடதுசாரிகள் ஆதரிக்க இயலாது. அதற்காகக் கோரிக்கையையே கைவிடுவதும் தவறு. சமுதாய சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் இயன்முறை மருத்துவர் நிரந்தரமாக நியமிக்கப்பட வேண்டும். அவரது மேற்பார்வையில் துணை சுகாதார நிலையங்களில் வாரம் இருமுறை வகுப்பு நடத்த ஊதியத்துடன் கூடிய பணியிடம் உருவாக்கப்பட வேண்டும். அப்பணியை விரும்பி ஏற்கும் ஆஷாவுக்குத் தொழிலாளர் என்ற தகுதியும் உரிய ஊதியமும் வேண்டும். ஒரு நாற்காலியும் ஒரு சுவரும் கேட்கும் திட்டத்துக்குப் பணமில்லை என்ற வாதம், அறுவைச் சிகிச்சைக்கு லட்சங்களை ஒதுக்கும் அரசின் வாயில் பொருந்தாது.

கேரளத்தில் நகர்ப்புற முதியோரைத் தேடிச் செல்லும் ‘வயோமித்ரம்’ நடமாடும் மருத்துவ முகாம்களும், உள்ளாட்சிகள் நடத்தும் பகல் வீடுகளும் உள்ளன. இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் 2025இல் முதியோர் ஆணையத்துக்கான சட்டமும் இயற்றப்பட்டது. முதியோர் கூடும் அத்தகைய இடங்களே இந்தப் பயிற்சிக்கு ஏற்றவை. பிற மாநிலங்களில் இடங்களையே முதலில் உருவாக்க வேண்டியிருக்கிறது. அரசு அசையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வூதியர் சங்கங்களும் மாதர் அமைப்புகளும் படிப்பகங்களும் வாரம் மூன்று மாலைகளில் ஒரு கூடத்தைத் திறந்துவிட இயலும். முதலில் சில வாரங்கள் வழிகாட்ட, இயன்முறை மருத்துவம் பயின்ற இளந்தோழர் ஒருவர் எந்த மாவட்டத்திலும் கிடைப்பார்.

அந்தக் கூடம் மாடியில் இல்லாதிருப்பது நல்லது. வாடகை குறைவு என்பதால் மாடியில் அமைந்து, செங்குத்தான படிக்கட்டுக்குக் கைப்பிடியும் இல்லாத கட்சி அலுவலகங்கள் இருக்கின்றன. ‘உடல்நலக் குறைவால் வரவில்லை’ என்று கூட்டக் குறிப்பேட்டில் பெயர் எழுதப்படும் மூத்த தோழர்களில் சிலர், அந்தப் படிகளைக் கீழிருந்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிச் சென்றவர்கள். கைப்பிடிக்கு ஆகும் செலவை அடுத்த கிளைக் கூட்டத்திலேயே தீர்மானித்துவிடலாம்.