மைதானம் எப்படி இருக்கணும்? முதலில் பிள்ளைகளைக் கேளுங்க!

பள்ளி வளாகத்தைச் சீரமைக்கப் பணம் வந்துவிட்டால், பெரும்பாலும் நடப்பது இதுதான். பேவர் பிளாக் பதிப்பார்கள். இரும்பு ஊஞ்சல் ஒன்று வரும். விழா நாளில் வரிசையாக மரக்கன்று நடுவார்கள். கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பும்போது கன்றுகள் காய்ந்திருக்கும். ஊஞ்சலோ தொட்டால் சுடும். அந்த இடத்தில் தினமும் இருக்கப்போகிறவர்களிடம் யாரும் எதையும் கேட்காததுதான் பிரச்னை.

கேட்டுச் செய்தவர்கள்

பூஜா ராய், ஐ.ஐ.டி கரக்பூரில் கட்டடக்கலை படித்தவர். மாணவியாக இருந்தபோது, ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றில் பிள்ளைகள் செருப்பையே மட்டையாக்கி பேட்மின்டன் ஆடுவதைப் பார்த்தார். நண்பர்களோடு சேர்ந்து பழைய டயர்களால் அவர்களுக்கு ஒரு விளையாட்டு இடம் அமைத்தார். பெங்களூரின் 'ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ்' அமைப்பு உருவானது அப்படித்தான். எங்கு போனாலும் இவர்கள் முதலில் பிள்ளைகளிடம் பேசுகிறார்கள். வேண்டியதை வரையச் சொல்கிறார்கள். பிறகுதான் டயருக்கு பெயின்ட்.

அமெரிக்காவின் பெர்க்லி நகரிலும் 1970-களின் தொடக்கத்தில் இப்படி ஒன்று நடந்தது. வாஷிங்டன் தொடக்கப் பள்ளியின் முற்றம், தார் போட்ட சுமார் ஒன்றரை ஏக்கர் வெட்டவெளி. வடிவமைப்பாளர் ராபின் மூர், பள்ளி முதல்வர் ஹெர்பர்ட் வாங், பிள்ளைகள், பெற்றோர், அக்கம்பக்கத்தினர் எல்லோரும் கைகோத்து, தாரின் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்தார்கள். அங்கே குளமும் புல்வெளியும் மரங்களும் வந்தன. ஒரே நாளில் திறப்பு விழா நடத்தி முடித்த வேலை அல்ல அது. பல வருடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது.

சோழவந்தானுக்குத் தெரிந்த வித்தை

இந்த வேலைக்கு வெளியூர் நிபுணர் மட்டும்தான் வேண்டும் என்றில்லை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை, நிழலில் வளரும் பயிர். கொடிக்காலில் முதலில் அகத்தியை விதைத்து, அது எழும்பிய பிறகே கொடி வைப்பார்கள். வெயிலை எப்படி வடிகட்டுவது, எந்த வரிசையில் நட்டால் எந்தப் பக்கம் நிழல் விழும் என்பதெல்லாம் கொடிக்காலில் வேலை செய்யும் தாத்தா, பாட்டிகளுக்கு அத்துப்படி. வேம்பும் புங்கனும் பெரிதாகி நிழல் தரும்வரை, அகத்தி சீக்கிரம் நிழல் கொடுக்கும். ஆனால் அதன் கிளை பலமில்லாதது. பிள்ளைகள் ஏறாத ஓரத்தில்தான் நட வேண்டும். இதையும் சொல்லித்தருவது அவர்கள்தான்.

உட்கார்ந்து பேச இடம் இருக்கிறது

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது இந்தக் குழுவின் பொறுப்பு. வெளியிலிருந்து உதவி திரட்ட, தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் இருக்கிறது. கூட்டத்தில் கழிப்பறை, காம்பவுண்டு சுவரோடு மைதானத்தையும் பேச்சில் சேர்த்தால் போதும்.

எப்படித் தொடங்கலாம்?

* ஆளுக்கொரு தாளில் பள்ளியின் வரைபடம். பிடித்த இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு.

* சின்ன வகுப்புப் பிள்ளைகள், மாணவிகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கேட்பது அவசியம். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தால் பெரிய பையன்களின் கிரிக்கெட்டே ஜெயிக்கும்.

* கட்டும் முன், திட்டத்தைக் கோலப்பொடியால் தரையில் வரைந்து ஒரு வாரம் விளையாடவிட வேண்டும். சரிவராததைத் துடப்பத்தால் அழித்துவிடலாம். சிமென்ட்டை அப்படி அழிக்க முடியாது.

* டயர் பயன்படுத்தினால் அடியில் ஓட்டை போட வேண்டும். தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அதுவே வீடு.

* கன்று நடும் நாளுக்கு முன்பே, மே மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது என்று வாரவாரியாகப் பெயர் எழுதிவிட வேண்டும்.

கடைசி வேலைதான் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். ஒப்பந்தக்காரர் வைத்த கன்று காய்ந்தால் யாருக்கும் கவலை இருக்காது. தான் கேட்டு, தன் தாத்தா காட்டிய இடத்தில், தானே வைத்த கன்று என்றால், விடுமுறையிலும் ஒரு குடம் தண்ணீரோடு பிள்ளை பள்ளிக்கு வரும். அதற்கு கேட் திறந்திருக்கிறதா என்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.