எண்ணெய் எல்லாம் ஒண்ணு இல்லீங்க!



எங்க ஊர் திருவெள்ளறை. திருச்சியிலிருந்து துறையூர் போகிற சாலையில் மண்ணச்சநல்லூரைத் தாண்டினால் வரும். அங்கே பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800-ஐ ஒட்டி வெட்டிய ஸ்வஸ்திக் கிணறு இருக்கிறது. நாலு பக்கமும் படிக்கட்டு. எந்தப் படியில் இறங்கினாலும் ஒரே தண்ணிதான். வண்டிக்கு ஊத்துகிற ஆயிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தவன் நான்.

என் தாய்மாமா வாடகைக்கு ஒரு பழைய சுமோ ஓட்டுகிறார். ஸ்ரீரங்கம், உத்தமர்கோயில், திருவெள்ளறை என்று பக்தர்களை ஏற்றிப் போவார். ஒரு மார்கழியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'உய்ங்' என்று சத்தம். "மாப்ள, நீதான் ஆட்டோமொபைல் படிக்கிறியே, என்னன்னு பாரு" என்றார். ஸ்டியரிங் ஆயில் டேங்க்கில் அளவு குறைவு. ஷெட்டில் பாதி டின் பிரேக் ஆயில் இருந்தது. "ரெண்டும் ஹைட்ராலிக்தானே மாமா" என்று சொல்லி ஊத்திட்டேன்.

அங்கேதான் வந்தது வினை. பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. ஸ்டியரிங் சீல்களோ மினரல் ஆயிலுக்கென்று செய்த நைட்ரைல் ரப்பர். கிளைக்கால் பட்டால் வீங்கி, இளகி, கசிய ஆரம்பிக்கும். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் காற்று. ஸ்டியரிங் பம்ப் தருவதோ 80, 100 பார் அழுத்தம். இளகிய சீல் அதை எப்படித் தாங்கும்? பம்ப்புக்கு வழவழப்புத் தருவதும் அந்த ஆயில்தான். பிரேக் ஆயில் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது.

வைகுண்ட ஏகாதசி நேரத்தில், வண்டி நிறைய ஆட்களோடு, மண்ணச்சநல்லூர் திருப்பத்தில் ஸ்டியரிங் கல்லாகிப் போச்சு. பவர் போனாலும் கையால் திருப்ப முடியும் என்பதால் தப்பித்தார்கள். ஆனால் பம்ப், சீல், ஹோஸ் எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. சீசன் சவாரி மொத்தமும் போச்சு. மாமா திட்டவில்லை. "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்டா" என்றார். அந்த வார்த்தைதான் இன்னும் சுடுகிறது.

நண்பர்களே, கலரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். பல வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப்., அதாவது கியர்பாக்ஸுக்கான சிவப்பு ஆயிலே போதும். சில ஜெர்மன் கார்கள் பச்சை நிறச் செயற்கை ஆயில் கேட்கும். ஹோண்டா தன் ஹைட்ராலிக் வண்டிகளுக்குத் தனி ஆயிலே குறிப்பிட்டது. எது சரி என்று டேங்க் மூடியும் வண்டிப் புத்தகமும் சொல்லும். தப்பா ஊத்தியது தெரிந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் முழுவதும் வடித்துவிட வேண்டும். டின் மூடியைத் திறக்கும் முன் புத்தகத்தைத் திற. அவ்வளவுதான் சூத்திரம்.

"இப்போ எல்லாம் எலெக்ட்ரிக் ஸ்டியரிங், ஆயிலே கிடையாதே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 1951-ல் கிரைஸ்லர் காரில் விற்பனைக்கு வந்த ஹைட்ராலிக் முறைக்கு, 1988-ல் சுசூகி செர்வோ காரில் மாற்று வந்துவிட்டது. ஆனால் லாரி, பஸ், டிராக்டர், பழைய வாடகை வண்டி எல்லாம் இன்னும் ஆயிலில்தான் திரும்புகின்றன. நம் பட்டறைக்கு வரப்போவதும் அவைதான்.

என் கருத்து இது. நம் லேபில் ஸ்டியரிங் படத்தை அழகாக வரைந்து மார்க் வாங்குகிறோம். ஒரு வண்டிப் புத்தகத்தைக் கையில் எடுத்ததுண்டா? செய்முறைத் தேர்வில், "இந்த வண்டிக்கு எந்த ஆயில், எங்கே எழுதியிருக்கு?" என்று ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும். விராலிமலையில் ஸ்டியரிங் தொழிற்சாலையே இருக்கிறது. அங்கே ஒரு நாள் நம்மை அழைத்துப் போகவும் மாணவர் மன்றம் முயற்சி எடுக்கலாமே!

டிப்ளமோ என்பது சுவரில் மாட்டும் காகிதம் மட்டும் அல்ல. நம் பேச்சை நம்பி ஒருவர் குடும்பத்தோடு வண்டியில் ஏறுகிறார். அந்த நம்பிக்கைக்குப் பாத்திரமாக இருப்போம்!