ரிப்பேரா? பேரீச்சம்பழமா?

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்சில் போகிற ஆளே கம்பியைப் பிடித்துக் கொண்டுதான் மேலே போய்ச் சேருகிறார். அந்தப் பாதையில் ஒரு பழைய ரிக்கார்டு பிளேயர் லாரி பார்சலில் ஏறினால் அதன் கதி என்ன? செம்மேட்டில் பெட்டியைப் பிரித்தால், 70 கொண்டை ஊசி தாண்டி வந்த செட்டில் பாட்டு ஊசி முறிந்து கிடக்கும்!

பழைய பாட்டு செட்டுகளுக்கு இப்போது மறுபடியும் மவுசு. அமெரிக்காவில் 2022-ல் சி.டி.யை விட இசைத்தட்டு அதிக எண்ணிக்கையில் விற்றது. 1987-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. இங்கேயும் வால்வு ரேடியோ, எச்.எம்.வி. பியஸ்டா பெட்டி, ஸ்பூல் டேப் என்று தேடிப் பிடிக்கிறார்கள். சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போனது. அது இருந்த காலத்தில் பழைய சாமானைத் தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, பேரம் பேசித்தான் வாங்குவார்கள். இன்று போட்டோவைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்கள். அங்கேதான் வில்லங்கம்!

உடைந்து வந்த செட்டை ரிப்பேர் பார்ப்பதா, 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று தள்ளி விடுவதா? இதை ஆத்திரத்திலும் முடிவு செய்யக்கூடாது, ஆசையிலும் முடிவு செய்யக்கூடாது. கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிளக்கில் சொருகாதீர்!

'பாடுதான்னு பாப்போம்' என்று உடனே பிளக்கில் சொருகுவது முதல் தப்பு. விழுந்த வேகத்தில் உள்ளே ஒயர் அறுந்து இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் கொண்டிருக்கலாம். வால்வு செட்டுக்குள் 200, 300 வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் கரண்ட் தேங்கி நிற்கும். கை வைத்தால் உயிருக்கே ஆபத்து!

விவரம் தெரிந்த மெக்கானிக் நேராகக் கரண்ட் கொடுக்க மாட்டார். நடுவில் ஒரு குண்டு பல்பை சீரியஸில் சேர்த்துக் கொடுப்பார். பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். அடி பல்போடு போகும், செட் தப்பிக்கும்.

எது உடைந்தது?

மரப்பெட்டியில் விரிசல், குமிழ், ஊசி, அறுந்த ஒயர்... இதற்கெல்லாம் பயப்படத் தேவையில்லை, ரிப்பேர் செய்யலாம். ஸ்பீக்கர் கோன் கிழிந்தாலும் மாற்றலாம். ஆனால் கோனை விரலால் மெல்ல அமுக்கும்போது கரகர என்று உரசினால், காந்தம் இடம் நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. செலவு ஏறும்.

டிரான்ஸ்பார்மர் சுருண்டு போனால் திரும்பச் சுற்றித் தர ஆள் இருக்கிறார்கள். டேப் ஹெட் நொறுங்கினாலோ, ரிக்கார்டு பிளேயரின் கை வளைந்தாலோ கதை வேறு. பல கம்பெனிகள் அந்தச் சாமான்களைச் செய்வதை எப்போதோ நிறுத்தி விட்டன. அந்த செட்டைப் பாட வைக்க இன்னொரு செத்த செட்டைத்தான் தேட வேண்டும்.

கணக்கு இதுதான். ஓடுகிற நிலையில் அதே செட் இன்று என்ன விலை? ரிப்பேர் செலவு அதில் பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். வாங்கிய விலையை இதில் சேர்க்கக்கூடாது. அது போனது போனதுதான். 'இவ்வளவு கொட்டிட்டோமே' என்று மேலும் மேலும் கொட்டித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

மலைக்காரருக்கு இன்னொரு செலவும் உண்டு. நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ ரிப்பேருக்கு இறக்க 70 வளைவு. திரும்ப ஏற்ற 70. மறுபடி உடைந்தால்?

தகப்பனார் வாங்கி வைத்த செட் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அதற்கு மார்க்கெட்டில் விலை கிடையாது. செலவு பார்க்காமல் ரிப்பேர் செய்ய வேண்டியதுதான்.

நஷ்டம் யார் தலையில்?

பார்சலைப் பிரிக்கும் முன்பே 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று கையெழுத்துப் போடக்கூடாது. பெட்டி நசுங்கி இருந்தால் அதைச் சீட்டிலேயே எழுத வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும். உடைந்த பெட்டியைத் தூக்கிப் போடக்கூடாது.

லாரி சர்வீசுக்கு 2007-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சரக்கை புக் செய்த நாளில் இருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்குப் போட முடியாது. கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாமல் அனுப்பினால், நஷ்டஈடு வாடகையைப் போல 10 மடங்குதான் உச்சம். வாடகை 300 ரூபாய் என்றால் 3 ஆயிரத்தோடு சரி! நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் வழி உண்டு, 2 வருட அவகாசம். ஆனால் ரப்பர் பெல்ட் இற்றுப் போனது, கண்டன்சர் காய்ந்து போனது எல்லாம் வயசுக் கோளாறு. அதை லாரிக்காரர் தலையில் கட்ட முடியாது.

பாதி நஷ்டம் ரோட்டில் வருவதில்லை, பேக்கிங்கில் வருகிறது. சுழல் தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். பிளேயரின் கையைக் கட்ட வேண்டும். வால்வுகளை உருவித் தனியே வைக்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் அரை மணி. அந்த அரை மணியை மிச்சம் பிடிக்கிற வியாபாரியிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக்கூடாது. செட்டு பாடணும்னா, அனுப்புறவர் முதல்ல ஒழுங்கா கட்டணும்!