வர்த்தமானியைக் காட்டச் சொல்லுங்கள்

கடந்த சில வாரங்களாகத் தோட்டங்களில் ஒரே பேச்சாக இருக்கிறது. பழைய கெப் வண்டிகளுக்கு இனி லைசன் புதுப்பிக்க முடியாதாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பரிசோதிக்க வேண்டுமாம். பின்னால் கூடாரம் போட்ட வண்டிகளைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போவார்களாம். கொழுந்து நிறுக்கும் இடத்திலும் கோயில் வாசலிலும் சம்பள நாளில் கடைவீதியிலும் இதே கதைதான். காலையில் ஒருவருடைய கைத்தொலைபேசிக்கு வந்த குரல்பதிவு, மாலைக்குள் நான்கு டிவிசனுக்கும் போய்விடுகிறது.

எல்லாமே "ஆம்" போட்டுச் சொல்லப்படுகிறது. சொல்பவர்களில் ஒருவராவது வர்த்தமானியின் இலக்கத்தையோ திகதியையோ சொன்னதில்லை.

இது வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால் இந்தப் பக்கத்தில் நாம் அதற்கு இடம் கொடுத்திருக்க மாட்டோம். பயந்துபோய் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். "புதுச் சட்டம் வருவதற்கு முன்னர் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன், முற்பணம் கொடுங்கள்" என்று தரகர்கள் லயத்து வாசல் வரை வந்துவிட்டார்கள். வதந்தியால் யாருக்கு நட்டம், யாருக்கு இலாபம் என்பது இதிலேயே தெரிகிறது.

மலையகத்தில் கெப் வைத்திருப்பவர் யார்? பணக்காரர் அல்லர். முப்பது வருடம் கொழுந்து பறித்த தாயின் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் சேர்ந்து ஒரு பழைய வண்டிக்கு முற்பணமாகியிருக்கும். மிச்சம் லீசிங். மகன் அதில் மரக்கறி ஏற்றுகிறான், விறகு ஏற்றுகிறான், கல்யாண வீட்டுக்குக் கதிரை ஏற்றுகிறான். நள்ளிரவில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் தோட்டமே தட்டுவது அவன் வீட்டுக் கதவைத்தான். அந்த வண்டி நின்றால் ஒரு குடும்பத்தின் அடுப்பு மட்டுமல்ல, ஒரு தோட்டத்தின் அவசர வழியும் நின்றுபோகும். ஆகவே, எது சட்டம், எது வதந்தி என்று பிரித்துப் பார்ப்பது எம் எல்லோருக்கும் வேண்டிய காரியம்.

முதலில், இன்று நடைமுறையில் இருப்பதைத் தெரிந்துகொள்வோம். வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை, அதாவது நாம் "லைசன்" என்று சொல்வதை, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் காப்புறுதிச் சான்றிதழ் வேண்டும். 2008 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். லொறி, பஸ் போன்ற வகைகளுக்கு இவற்றோடு வாகனத் தகுதிச் சான்றிதழும் கேட்கப்படும். இதில் பலர் குழம்புவது ஓரிடத்தில்தான். தெருவில் நாம் "கெப்" என்று ஒரே பெயரில் அழைக்கும் வண்டிகள், பதிவுப் புத்தகத்தில் ஒரே வகையாக இருப்பதில்லை. ஒன்று லொறி என்றும் இன்னொன்று இரட்டைப் பயன்பாட்டு வாகனம் என்றும் பதியப்பட்டிருக்கலாம். அதிகாரிகள் பார்ப்பது அந்தப் புத்தகத்தில் உள்ள வகையை. அயலவரின் வண்டிக்குக் கேட்டதை உங்கள் வண்டிக்கும் கேட்பார்கள் என்று நினைக்காமல், முதலில் உங்கள் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, சட்டம் எப்படி மாறுகிறது என்பது. வாகனங்கள் பற்றிய அடிப்படைச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அதைத் திருத்த வேண்டுமானால் பாராளுமன்றம் திருத்த வேண்டும். அதன் கீழ் புதிய ஒழுங்குவிதி போட வேண்டுமானால் வர்த்தமானியில் வெளியிட வேண்டும். அமைச்சர் ஒரு கூட்டத்தில் பேசுவது சட்டமாகிவிடாது. பத்திரிகையில் "ஆலோசிக்கப்படுகிறது" என்று வருவதும் சட்டமாகிவிடாது.

இந்த வித்தியாசத்தை எமது மக்களுக்கு எவரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024 மே தினத்தில் கொட்டகலையில் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார்கள். கைதட்டினோம். வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கடைசியில் செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. மேடையில் சொன்னது வேறு, அச்சில் வந்தது வேறு, கையில் கிடைப்பது வேறு என்பதைச் சம்பளத்தில் கற்றுக்கொண்ட நாம், வண்டி விடயத்தில் மட்டும் ஒரு குரல்பதிவை நம்பி ஏன் காசைக் கொடுக்க வேண்டும்?

வர்த்தமானியைத் தமிழிலேயே கேட்க எமக்கு உரிமை உண்டு. சட்டங்களும் ஒழுங்குவிதிகளும் சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 23 ஆம் உறுப்புரை சொல்கிறது. அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் கேட்கலாம். அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் எமது மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள். நாம் எழுதித் தருவோம்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வதந்தியை எதிர்ப்பது வேறு, பரிசோதனையை எதிர்ப்பது வேறு. "பரிசோதனையே வேண்டாம், எல்லாம் காசு பிடுங்கும் வேலை" என்று பேசுபவர்களோடு எமது சங்கம் சேராது.

2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் 4 ஆம் திகதி எல்ல - வெல்லவாய வீதியில் 15 பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் ஒன்றாக இராது. வீதியும் காரணமாகலாம், சாரதியின் களைப்பும் காரணமாகலாம், வண்டியும் காரணமாகலாம். ஆனால் இந்த மூன்றில் புறப்படும் முன்னரே நாம் பார்த்துச் சரிசெய்யக்கூடியது வண்டி.

மலை இறக்கம் வண்டியிடம் கேட்பது சமவெளி கேட்பதை விட அதிகம். ரம்பொடையிலோ கினிகத்தேனையிலோ பெரகலையிலோ பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். பிரேக் எண்ணெய் பழசாக இருந்தால் இன்னும் சீக்கிரம் இழக்கும். தேய்ந்த டயர் பனியில் நனைந்த வீதியைப் பிடிக்காது. புகைப் பரிசோதனை பார்ப்பது புகையை மட்டும். அந்தச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்பதால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது.

அந்த வண்டிகளின் பின்னால் நிற்பவர்கள் யார் என்றும் நினைத்துப் பாருங்கள். கொழுந்து லொறியில் தூர மலைக்கு ஏற்றிச் செல்லப்படும் பெண்கள். பஸ் வராத நாளில் கெப்பில் தொற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள். பொருள் ஏற்றும் வண்டியில் ஆட்களை ஏற்றி விபத்து நடந்தால், காப்புறுதிக் கம்பனி நட்டஈட்டை மறுக்க அதுவே ஒரு காரணமாகிவிடும். உயிரும் போய், நட்டஈடும் போகும். பரிசோதனை எமக்கு எதிரானது என்று இந்தப் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் எம்மால் சொல்ல முடியாது.

எனவே, எமது நிலைப்பாடு நேரானது. புதிய விதிகள் வருவதானால் வரட்டும். ஆனால் இப்படி வர வேண்டும்:

முதலாவது, வண்டியின் வயதைப் பார்த்துத் தள்ளக்கூடாது, நிலையைப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது அரசாங்கம். அது முழுமையாகத் திறக்க 2025 வரை ஆனது. இடையில் இருந்த வண்டிகளின் விலை எங்கோ போனது. புதியது வாங்க வழியில்லாமல் பழையதைப் பழுது பார்த்து ஓட்டியவர்களைப் பழைய வண்டி வைத்திருந்த குற்றத்துக்காகத் தண்டிப்பது நியாயமாகாது.

இரண்டாவது, பரிசோதனை எமது ஊருக்கு வர வேண்டும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை போன்ற இடங்களில் முறையான வசதி இருக்க வேண்டும். ஒரு நாள் வேலையும் ஒரு டாங்கி டீசலும் செலவழித்துத் தூர நகரத்துக்குப் போ என்று சொன்னால், ஏழை போகமாட்டான், தரகனைத்தான் தேடுவான்.

மூன்றாவது, விதியின் வரைவைத் தமிழிலும் வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். நடைமுறைக்கு வருவதற்கு முன்னர் பழுதுபார்க்கப் போதிய அவகாசமும், சிறிய உரிமையாளருக்குக் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும்.

நான்காவது, பரிசோதனை தோட்டக் கம்பனிகளிலிருந்து ஆரம்பிக்கட்டும். தொழிலாளர்களை ஏற்றும் ஒவ்வொரு லொறிக்கும் டிராக்டருக்கும் உரிய சான்றிதழ்கள் இருக்கின்றனவா என்பதை நிர்வாகம் தோட்டத் தலைவருக்குக் காட்ட வேண்டும். ஒற்றை வண்டி வைத்திருப்பவனை வீதியில் மறிக்கும் சட்டம், துரையின் காரியாலயத்துக்கு முன்னால் நிற்கும் லொறியைக் கண்டும் காணாமல் போகக்கூடாது.

கோரிக்கைகள் நிறைவேறும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. வண்டி வைத்திருப்பவர்களே, தரகருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கொடுக்க நினைத்த அந்தக் காசில் பிரேக்கையும் டயரையும் பாருங்கள். பதற்றத்தில் வண்டியை விற்காதீர்கள். லைசன், காப்புறுதி, புகைச் சான்றிதழ் ஆகியவற்றின் முடிவுத் திகதிகளை வீட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள். பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் இருந்தால், வெட்கப்படாமல் எமது காரியாலயத்துக்கு வந்து சொல்லுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்ய நாம் கூட வருவோம்.

தோட்டத் தலைவர்களும் தலைவிகளும் அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள். வேலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டியின் பிரேக் சரியில்லை என்று சாரதி சொன்னால், அவருக்குத் துணையாக நில்லுங்கள். அந்த வண்டியில் ஏற மறுப்பது வேலை மறுப்பு ஆகாது. அதனால் எவருடைய பெயராவது வெட்டப்பட்டால், அன்றே எமக்கு அறிவியுங்கள்.

அடுத்த முறை யாராவது "புதுச் சட்டம் வந்துவிட்டதாம்" என்று சொன்னால், சண்டை போடாதீர்கள், பயப்படவும் வேண்டாம். வர்த்தமானியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் தமிழில் வாசித்து, எம்மிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து முடிவெடுப்போம். காட்டாவிட்டால், காசு உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.