மா. கிருஷ்ணனுக்குச் சிலை வேண்டாம், புதர்கள் வேண்டும்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர் அவர்களுக்கு,

மயிலாப்பூரில் வாழ்ந்து மறைந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனுக்கு இந்த நகரம் செய்யவேண்டிய மரியாதை ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் செய்யும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். சிலை, தெருப்பெயர், மணிமண்டபம் எதுவும் கேட்கவில்லை. மாநகராட்சிப் பூங்காக்களில் மண்டலத்துக்கு ஒன்றையாவது இந்த மண்ணுக்குரிய செடிகொடிகளுக்கும், அவற்றை அண்டி வாழும் உயிர்களுக்கும் விட்டுக்கொடுங்கள்.

கிருஷ்ணன் யார் என்று கேட்கும் தலைமுறை வந்துவிட்டது. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். சட்டம் படித்தவர், பல்கலைக்கழகத்திலோ வனத்துறையிலோ சம்பளத்துக்கு வேலை பார்த்துக் காட்டை அறிந்தவரல்லர். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த பேராசிரியர் ஃபைசனுடன் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அலைந்து செடிகளைப் படித்தார். மற்றதெல்லாம் தன் கண்ணாலும் காலாலும் தேடிக்கொண்டது. 1950இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி ஒன்றைத் தொடங்கி, 1996 பிப்ரவரி 18 அன்று இறக்கும்வரை 46 ஆண்டுகள் எழுதினார். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தார். 1968இல் ஜவாஹர்லால் நேரு நிதிநல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார்.

அவரிடம் என்னை எப்போதும் நெகிழ வைப்பது, புலிக்கும் யானைக்கும் கொடுத்த அதே கவனத்தை அணிலுக்கும் காக்கைக்கும் ஓணானுக்கும் கொடுத்தது. வீட்டு வாசலில் இருப்பதைப் பார்க்கத் தெரியாதவனுக்குக் காட்டில் என்ன தெரியப்போகிறது? ஒரு நாட்டின் முகம் அதன் நிலத்திலும் அங்கே இயல்பாக வளரும் தாவரங்களிலும் விலங்குகளிலும் இருக்கிறது என்பது அவர் கொள்கை. வெளிநாட்டு அலங்கார மரங்களைக் கொண்டுவந்து நட்டு ஊரை அழகுபடுத்துவதை அவர் கடைசிவரை எதிர்த்தார்.

அவர் வளர்ந்த வீடு எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருந்தது. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் மயிலாப்பூர்ப் பக்கம் புதர்க்காடு. நரியும் வெளிமானும் அங்கே திரிந்தன. கிருஷ்ணன் ஒரு கீரியை வளர்த்தார். ஒரு பையன் இயற்கையியலாளனாக ஆவதற்கு இந்த நகரமே அன்று போதுமானதாக இருந்தது. இன்று அதே சாலையில் பிறக்கும் குழந்தைக்கு வெளிமானைக் கொடுக்க உங்களாலும் முடியாது. அதை நான் கேட்கவும் இல்லை. கீரியையும் குண்டுகரிச்சானையும் தையல்சிட்டையும் கொடுக்க முடியும்.

சென்னையின் இயற்கை புதரும் புல்லும் குட்டை மரங்களும் சேர்ந்தது. சோழமண்டலக் கரையின் பசுமைமாறா வறண்ட காடு என்று தாவரவியலாளர்கள் அதைச் சொல்வார்கள். பாலை, வீரை, காட்டு எலுமிச்சை, களா, காரை, நாவல் இவையெல்லாம் அதன் பிள்ளைகள். கிண்டி தேசியப் பூங்காவின் 2.7 சதுர கிலோமீட்டருக்குள் அதன் மிச்சம் இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டில் அய்யனார் கோயில் காடாக அது பிழைத்திருக்கிறது. சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்டதால் பிழைத்தது. நம் பூங்காக்களிலோ கொரியப் புல், வரிசையாகக் கத்தரித்த வேலிச்செடி, செயற்கை நீரூற்று. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது செம்மயிற்கொன்றை போன்ற வெளிநாட்டு மரங்கள் சாலை சாலையாகச் சாய்ந்து கிடந்ததை ஊரே பார்த்தது.

பூங்காத் தோட்டக்காரர் களை என்று பிடுங்கிப் போடும் ஆடுதீண்டாப்பாளையை எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜா அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அந்தக் குடும்பச் செடிகளை மட்டுமே தின்னும். செடி போனால் பூச்சியும் போய்விடும். எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். ஆலும் அத்தியும் பழுத்தால் குக்குறுவான் வரும். பட்டுப்போன கிளையில் மரங்கொத்தி பொந்து போடும். அது விட்டுப்போன பொந்தில் மைனா குடியேறும். விழும் ஆபத்து இல்லாத இடத்தில்கூடக் காய்ந்த கிளையை வெட்டிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்பு முதுமலையில் மட்டும் நடப்பதல்ல. உங்கள் பூங்காத் துறையின் அரிவாள் எங்கே விழுகிறது என்பதிலும் இருக்கிறது.

புதர் என்றால் கொசு வரும், பாம்பு வரும் என்று குடியிருப்போர் சங்கங்கள் உங்களிடம் வரும். அவர்கள் அச்சத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் டெங்கு கொசு வளர்வது தேங்கிய தண்ணீரில்: மூடாத தொட்டியிலும், மொட்டைமாடியில் கிடக்கும் டயரிலும் தேங்காய் ஓட்டிலும். பாம்பு எலியைத் தேடி வருகிறது. எலி குப்பையைத் தேடி வருகிறது. குப்பையை நேரத்துக்கு அள்ளினாலே பாதிப் பயம் குறையும். நடைபாதை ஓரத்தைத் திறந்த வெளியாக வைத்து, புதர்ப்பகுதியை உள்ளே தள்ளித் தாழ்வான வேலி போட்டால் போதும். அடர்வனம் என்ற பெயரில் மாநகராட்சி நெருக்கமாக மரம் நட்டிருப்பதை அறிவேன். அந்த நல்லெண்ணத்தை மதிக்கிறேன். இருந்தாலும் புல்வெளிக்கும் முட்புதருக்கும் உரிய உயிர்கள் இங்கே நிறைய. நெருக்கி நட்ட மரக்கூட்டம் அவற்றுக்கு வீடாகாது.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. வனத்துறையின் அனுமதியோடு விதை சேகரித்து, மாநகராட்சியே ஒரு நாற்றங்கால் தொடங்கலாம். பூங்கா ஊழியர்களுக்கு எதைப் பிடுங்கக்கூடாது என்று சொல்லிக்கொடுக்க இந்த ஊரில் ஆட்கள் உண்டு. சென்னை இயற்கையியலாளர் சங்கம் பல ஆண்டுகளாக இங்கே பறவைகளையும் பூச்சிகளையும் கவனித்துவருகிறது. அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். இரவில் அந்தப் பூங்காக்களின் உட்பகுதியில் விளக்கை அணைத்துவிடுங்கள். பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள்.

கிருஷ்ணன் பிறந்த நாள் ஜூன் 30. அதற்கு முந்தைய மாமன்றக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். முதல் பூங்காவை அவர் வளர்ந்த மயிலாப்பூரிலேயே தேர்ந்தெடுங்கள். கிருஷ்ணன் பெயரை வாயிலில் சிறிதாக எழுதினால் போதும். உள்ளே வளரும் ஒவ்வொரு செடிக்கும் அதன் தமிழ்ப் பெயரைப் பெரிதாக எழுதி வையுங்கள், பள்ளிப் பிள்ளைகள் படிக்கட்டும்.

அன்புடன்,
சென்னைவாசி ஒருவர்